ஒரே மாத்திரை ஏன் ஆளுக்கு ஆள் வேற மாதிரி வேலை செய்யுது? மதன் பாபுவோட ஆராய்ச்சிய வச்சு ஒரு எளிய விளக்கம்

ஜீனோமிக்ஸ், புரோட்டீன் ஸ்ட்ரக்சர், பயாலஜிக்கல் நெட்வொர்க், இந்த மூணையும் ஒரே விஞ்ஞானியோட பேருக்குக் கீழ பாத்தா மூணும் தனித்தனி வேலைனுதான் தோணும். ஆனா சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல பயோடெக்னாலஜி படிச்சிட்டு கேம்பிரிட்ஜ் போன எம். மதன் பாபுவோட ஆராய்ச்சிய முதல்ல இருந்து வரிசையா பாத்துட்டு வந்தா மூணுக்கும் அடியில ஓடுறது ஒரே கேள்விதான்னு தெரியும். டிஎன்ஏல ஒரு எழுத்து மாறுதுனு வைங்க, அந்தச் சின்ன மாற்றம் எந்த வழியா போய் ஒரு மனுஷனோட உடம்புல வந்து தெரியுது? இதுதான் கேள்வி. இதுக்குப் பதில் தேடினாதான் நம்ம தலைப்புல இருக்குற மாத்திரை விஷயமும் புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா அடியில இருந்தே போவோம்.

ஆள் யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். கேம்பிரிட்ஜ்ல எம்ஆர்சி மாலிக்யூலர் பயாலஜி லேப்னு ஒண்ணு இருக்கு, அங்க சாரா டைக்மன்கிட்ட பிஎச்டி பண்ணாரு, அப்புறம் அமெரிக்காவுல என்ஐஎச்ங்குற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல எல். அரவிந்த் குழுவுல கொஞ்ச காலம், 2006ல திரும்ப அதே கேம்பிரிட்ஜ் லேப்ல சொந்தக் குழு, 2020ல இருந்து அமெரிக்காவுல மெம்ஃபிஸ் நகரத்துல இருக்குற செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை. இவரோட ஆயுதம் பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். மத்தவங்க கஷ்டப்பட்டு எடுத்து பொதுவுல வச்ச டேட்டாவ எல்லாம் ஒண்ணா சேத்து, அதுல யாரும் பாக்காத ஒழுங்கு ஏதாவது இருக்கானு தேடுறது, அப்புறம் லேப்ல பரிசோதனை பண்றவங்களோட சேந்து அது நிஜமானு சரிபாக்குறது.

சரி, ஜீனோம். நம்ம செல்லுக்குள்ள இருக்குற டிஎன்ஏவ ஏ, டி, ஜி, சி னு நாலே எழுத்துல எழுதலாம், மனுஷனுக்கு அது சுமார் 300 கோடி எழுத்து வரும், இந்த மொத்த எழுத்துக்கும் சேத்துதான் ஜீனோம்னு பேரு. அதுல புரோட்டீன் செய்யச் சொல்ற பகுதிகள் தான் நாம பொதுவா ஜீன்னு சொல்றது, மனுஷனுக்கு அது கிட்டத்தட்ட 20,000. ஒரு ஜீன்ல இருக்குற எழுத்துக்களை மூணு மூணா படிச்சா ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ ஆசிட், மொத்தம் 20 வகை அமினோ ஆசிட் இருக்கு, அது வரிசையா கோத்துகிட்டு வந்தா புரோட்டீன். உடம்புல வேலை செய்யுறது பெரும்பாலும் இந்தப் புரோட்டீன்தான். ஒரே ஒரு எழுத்து மாறி, ஹீமோகுளோபின்ல பீட்டா சங்கிலியோட ஆறாவது இடத்துல குளூட்டாமிக் ஆசிடுக்குப் பதிலா வேலின் வந்து உக்காந்தா அதுதான் சிக்கிள் செல் நோய். இன்னொரு பக்கம், எழுத்து மாறியும் ஒண்ணுமே ஆகாத இடங்கள் லட்சக்கணக்குல இருக்கு. எந்த மாற்றம் பிரச்சனை, எந்த மாற்றம் சும்மானு வெறும் எழுத்த மட்டும் பாத்துச் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

எழுத்த மட்டும் வச்சே பெருசா ஒண்ணு கண்டுபிடிக்க முடியும்ங்குறதுக்கு மலேரியா ஒரு நல்ல உதாரணம். மலேரியா கிருமியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரத்தோட ஜீனோம் 2002ல வெளிவந்துச்சு, 5,300 ஜீன் அளவுக்கு இருந்துச்சு. இந்தக் கிருமி கல்லீரல்ல ஒரு வடிவம், ரத்தச் சிவப்பணுவுல ஒரு வடிவம், கொசுவுக்குள்ள வேற வடிவம்னு மாறிகிட்டே இருக்கும், அப்படி மாறணும்னா சில ஜீன ஆன் பண்ணி சிலத ஆஃப் பண்ணணும், அந்த வேலைய செய்யுற புரோட்டீனுக்கு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு பேரு. ஆனா ஜீனோம்ல தேடிப் பாத்தா அந்த மாதிரி புரோட்டீன் விரல்விட்டு எண்ணுற அளவுக்குக்கூட சரியா கிடைக்கல. இவ்ளோ சிக்கலான வாழ்க்கைய யாரு நடத்துறதுனு எல்லாரும் குழம்பினாங்க. 2005ல எஸ். பாலாஜி, மதன் பாபு, லக்ஷ்மிநாராயண் ஐயர், அரவிந்த் நாலு பேரும் சேந்து ஒரு பேப்பர் போட்டாங்க. செடிகள்ல ஏபி2னு ஒரு டிஎன்ஏவ பிடிக்குற பகுதி ஏற்கனவே தெரிஞ்ச விஷயம், அதோட தூரத்துச் சொந்தம் மலேரியா கிருமியோட ஜீனோம்ல ஒளிஞ்சிருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு குடும்பமே இருக்குனு காட்டினாங்க. இந்தக் கிருமியோட டிஎன்ஏல 80 சதவீதம் ஏ, டி எழுத்துதான், அதோட பரிணாமத்துல ரொம்ப தூரம் விலகி வந்த கிருமி, அதனால சாதாரணமா எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டா ஒத்துமை கண்ணுக்கே தெரியாது. ஒரு குடும்பத்துல எந்த எந்த இடத்துல எந்த அமினோ ஆசிட் வரலாம், எது வரவே கூடாதுனு ஒரு மாதிரிய உண்டாக்கிட்டு அத வச்சுத் தேடினாதான் பிடிபடும். பின்னாடி 2014ல அந்தக் குடும்பத்துல ஒரு புரோட்டீன், ஏபி2-ஜி, கிருமி கொசுவுக்குப் பரவுற வடிவத்துக்கு மாறுறத ஆரம்பிச்சு வைக்குற சுவிட்சுனு பரிசோதனையில தெரிஞ்சுது. கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்ச ஒரு விஷயம் மலேரியா பரவுற வழிய புரிஞ்சுக்குற இடத்துல போய் நின்னுச்சு, எனக்கு இந்தத் துறைய பிடிக்க வச்ச விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு.

அடுத்து வடிவம். அமினோ ஆசிட் சங்கிலி நீட்டமா இருந்தா ஒரு உபயோகமும் இல்ல, அது மடிஞ்சு ஒரு குறிப்பிட்ட உருவத்துக்கு வரணும், உருவம் வந்தாதான் வேலை நடக்கும். முதன்முதலா ஒரு புரோட்டீனோட முப்பரிமாண வடிவம் தெரிஞ்சது 1958ல, ஜான் கெண்ட்ரூ கண்டுபிடிச்ச மயோகுளோபின், அதுவும் இதே கேம்பிரிட்ஜ் பரம்பரைதான். அவரும் ஹீமோகுளோபின் வடிவத்த கண்டுபிடிச்ச மேக்ஸ் பெரூட்ஸும் 1962ல நோபல் வாங்கினாங்க. அடுத்த வருஷம், 1963ல, மெட்ராஸ் யூனிவர்சிட்டியில ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூணு பேரும் ஒரு வரைபடம் வெளியிட்டாங்க. அமினோ ஆசிட் சங்கிலி ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு கோணத்துல சுழல முடியும், ஆனா அணுவும் அணுவும் இடிச்சுக்கும்ங்குறதால எல்லா கோணமும் சாத்தியமில்ல, எந்தக் கோணச் சேர்க்கை நடக்கும் எது நடக்காதுனு ஒரே படத்துல காட்டினாங்க. ராமச்சந்திரன் பிளாட்னு சொன்னா இன்னிக்கும் உலகத்துல எந்த புரோட்டீன் லேப்லயும் தெரியும், புதுசா ஒரு வடிவம் கண்டுபிடிச்சா அது சரியா வந்திருக்கானு இத வச்சுதான் சோதிச்சுப் பாக்குறாங்க. இப்போ ஆல்ஃபாஃபோல்டுனு ஏஐ வந்து, அமினோ ஆசிட் வரிசைய குடுத்தாலே வடிவத்த கணிச்சுக் குடுத்துடுது, 2022க்குள்ள 20 கோடிக்கும் மேல கணிப்புகள வெளியிட்டுட்டாங்க, அதுக்கு 2024ல கெமிஸ்ட்ரி நோபலும் கிடைச்சுது.

ஆனா எல்லாப் புரோட்டீனுக்கும் ஒரு நிலையான வடிவம் இருக்கானா, இல்ல. இத நம்ம பாடப்புத்தகத்துல யாரும் சரியா சொல்லிக் குடுக்கல, சொல்லணும். மனுஷப் புரோட்டீன்ல சுமார் மூணுல ஒரு பங்குக்கு நீளமான பகுதிகள் மடியாமலே, ஒரு வடிவத்துக்கும் வராம அலைஞ்சுகிட்டே இருக்கும். கேன்சர்னா உடனே பேசப்படுற பி53 புரோட்டீன்ல கூட அப்படிப் பகுதி இருக்கு. அது வேலை செய்யாத பகுதியும் இல்ல, நேரத்துக்கு ஏத்த மாதிரி பல பேரோட ஒட்டிக்க அந்த நெகிழ்வுதான் உதவுது. அதே காரணத்துக்காக ஆபத்தும் உண்டு, தேவைக்கு மேல இருந்தா ஒட்டக்கூடாத இடத்துல எல்லாம் போய் ஒட்டிக்கும். 2008ல யோர்க் க்ஸ்போனர், மதன் பாபு குழு சயின்ஸ் இதழ்ல காட்டினது இதத்தான்: ஈஸ்ட்ல இருந்து மனுஷன் வரைக்கும் இந்த மாதிரி வடிவமில்லாத புரோட்டீன்கள செல் ரொம்ப கண்டிப்போட வச்சிருக்கு, அத செய்யச் சொல்லி ஜீன்ல இருந்து எடுக்குற நகலான ஆர்என்ஏ சீக்கிரம் சிதைஞ்சிடுது, புரோட்டீனும் சீக்கிரம் அழிக்கப்படுது, மொத்தத்துல கம்மியாவும் கொஞ்ச நேரத்துக்கும்தான் இருக்க விடுது. மூளை நோய்கள்ல குவியுற ஆல்ஃபா சைனுக்ளின், டாவ் எல்லாம் இந்த ரகம்தான்னு தெரிஞ்சா இந்தக் கண்டிப்பு எவ்ளோ முக்கியம்னு புரியும்.

இப்போ நெட்வொர்க். ஒரு புரோட்டீன் தனியா எதுவும் செய்யாது. ஒண்ணு இன்னொண்ண ஆன் பண்ணும், அது வேற நாலு பேர ஆஃப் பண்ணும். புரோட்டீன ஒரு புள்ளியா, யாரு யார பாதிக்கிறாங்கங்குறத ஒரு கோடா போட்டா கிடைக்கிற படம்தான் நெட்வொர்க். இதுல நிறைய கோடு வந்து சேருற புள்ளிய ஹப்னு சொல்லுவாங்க. 2000க்கு அப்புறம் இந்த மாதிரி படங்கள் நிறைய வர ஆரம்பிச்சுது, ஆனா எல்லாமே நிலையான படம், எப்பவும் எல்லாக் கோடும் உயிரோட இருக்குற மாதிரி. 2004ல நேச்சர் இதழ்ல நிக்கோலஸ் லஸ்கோம், மதன் பாபு, டைக்மன், யேல் யூனிவர்சிட்டியோட மார்க் கெர்ஸ்டீன் எல்லாரும் சேந்து போட்ட பேப்பர் அதத்தான் கேள்வி கேட்டுச்சு. ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்ல, 142 டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், 3,420 ஜீன், நடுவுல 7,074 கோடு, இத எடுத்துகிட்டு அஞ்சு சூழ்நிலையில எந்தக் கோடு நிஜமா வேலை செய்யுதுனு பாத்தாங்க. செல் பிரியுற நேரம், ஸ்போர் (கஷ்ட காலத்தத் தாங்குற, விதை மாதிரியான செல்) உண்டாகுற நேரம், சர்க்கரை தீந்து போற நேரம், டிஎன்ஏ அடிபடுற நேரம், சூடு மாதிரி மத்த அழுத்தம் வர்ற நேரம்.

படம் ஒவ்வொரு தடவையும் தலைகீழா மாறுது. ஒரு சூழ்நிலையில ஹப்பா இருந்தது அடுத்ததுல சாதாரணப் புள்ளி, எல்லா நேரத்துலயும் ஹப்பா நிக்குறது கொஞ்சம் பேருதான். நம்ம ஊர் பஸ் ரூட் மாதிரி நினைச்சுக்கலாம், சாதாரண நாள்ல திருவண்ணாமலை ஒரு மாவட்டத் தலைநகரம் அவ்ளோதான், பௌர்ணமி வந்துட்டா எந்த ஊர்ல இருந்து பாத்தாலும் சிறப்புப் பேருந்து அங்கதான் போகும், ரோடு எதுவும் புதுசா போடல, எந்த ரோட்டுல வண்டி ஓடுதுங்குறதுதான் மாறுது. இன்னும் சுவாரஸ்யமா ஒண்ணு: வெளியில இருந்து வர்ற ஆபத்துக்கு, அதாவது டிஎன்ஏ அடிபடுறது சர்க்கரை தீர்றது மாதிரி விஷயத்துக்கு, நெட்வொர்க்ல பாதை குட்டையாவும் ஒரு ஃபேக்டர் ஒரே நேரத்துல நிறைய ஜீன தூண்டுற மாதிரியும் இருக்கு, ஏன்னா வேகமா செய்யணும். செல் பிரியுற மாதிரி உள்ளுக்குள்ள நடக்குற வேலைக்குப் பாதை நீளமா, பல ஃபேக்டர் சேந்து முடிவெடுக்குற மாதிரி, கட்டம் கட்டமா இருக்கு, ஏன்னா அங்க வேகத்த விட வரிசை முக்கியம். ஒரு நெட்வொர்க்கோட அமைப்ப பாத்தே அது எந்த மாதிரி வேலைக்கானதுனு சொல்ல முடியுதுங்குறது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கு.

மூணையும் சொல்லியாச்சு, இனிமே மாத்திரைக்கு வருவோம், ஏன்னா மூணும் ஒரே இடத்துல சந்திக்குறது இங்கதான்.

நம்ம செல்லோட மேல்சவ்வுல ஜிபிசிஆர்னு ஒரு வகை ரிசெப்டார் புரோட்டீன், அதாவது வெளியில இருந்து வர்ற சேதிய வாங்குற புரோட்டீன் இருக்கு, மனுஷ ஜீனோம்ல இதுக்கு மட்டும் சுமார் 800 ஜீன். சவ்வுக்குள்ள ஏழு தடவை உள்ள வெளிய போய் வர்ற சுருள் வடிவம், எல்லாத்துக்கும் அதே ஏழு சுருள். வெளிப்பக்கம் ஏதாவது வந்து ஒட்டினா உள்பக்கம் வடிவம் லேசா மாறும், அங்க காத்துகிட்டு இருக்குற ஜி புரோட்டீன் அத பிடிச்சு செல்லுக்குள்ள சேதிய கொண்டு போகும். கண்ணுல வெளிச்சத்த உணர்றது, மூக்குல வாசனை, நாக்குல கசப்பும் இனிப்பும், பயந்தா நெஞ்சு படபடக்குறது எல்லாம் இவங்க வேலைதான். மருந்துக் கடையில நீங்க வாங்குற சில மருந்துகளையே பாருங்க, அலர்ஜிக்குப் போடுற செட்ரிசின் ஹிஸ்டமின் ரிசெப்டார்ல போய் ஒட்டுது, பிபிக்குக் குடுக்குற லோசார்டன் ஆஞ்சியோடென்சின் ரிசெப்டார்ல, அடினோலால் பீட்டா ரிசெப்டார்ல, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுற சால்புடமால் இன்னொரு பீட்டா ரிசெப்டார்ல, கடுமையான வலிக்குக் குடுக்குற மார்ஃபின் ஓபியாய்ட் ரிசெப்டார்ல. இது எல்லாமே ஜிபிசிஆர். இதோட வடிவத்தையும் வேலையையும் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2012ல ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா ரெண்டு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல்.

மதன் பாபு குழு இதுல செஞ்ச முதல் பெரிய வேலை 2013ல வந்துச்சு, ஏ.ஜே. வெங்கடகிருஷ்ணன் முதல் பேரு. அதுவரைக்கும் கிடைச்ச ஜிபிசிஆர் வடிவங்கள எல்லாம் எடுத்து, ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு நெட்வொர்க்கா மாத்தினாங்க, அதாவது இந்தத் தடவை புள்ளி ஒரு அமினோ ஆசிட், எந்த அமினோ ஆசிட் எதத் தொட்டுகிட்டு இருக்குங்குறது கோடு. ஒரு புரோட்டீனுக்குள்ளயே நெட்வொர்க்! அப்புறம் எல்லா ரிசெப்டாருக்கும் பொதுவா இருக்குற கோடு எதுனு பாத்தாங்க, 36 இடங்களுக்கு நடுவுல 24 தொடர்பு மட்டும் எல்லாத்துலயும் அப்படியே இருந்துச்சு. அந்த இடத்துல இருக்குற அமினோ ஆசிட் ரிசெப்டாருக்கு ரிசெப்டார் வேறயா இருக்கலாம், ஆனா தொடர்பு அதேதான். அந்த ஏழு சுருளையும் பிடிச்சு நிறுத்துற சட்டம் இதுதான்னு அப்போதான் தெளிவாச்சு. 2015ல டில்மன் ஃப்ளாக்கோட சேந்து அடுத்த பக்கத்த பாத்தாங்க, ரிசெப்டார் பிடிச்சதும் ஜி புரோட்டீனுக்குள்ள என்ன நடக்குதுனு. ஜி புரோட்டீனோட முக்கியப் பகுதிக்கு ஜி ஆல்ஃபானு பேரு, மனுஷனுக்கு அதோட ஜீன் 16 இருக்கு, எல்லாத்துலயும் அதோட சொந்தச் சுருள்கள்ல (ரிசெப்டாரோட ஏழு சுருள் இல்ல) முதல் சுருளுக்கும் அஞ்சாவது சுருளுக்கும் நடுவுல இருக்குற தொடர்புகள் அறுந்து, முதல் சுருள் தளர்ந்து, உள்ள பிடிச்சு வச்சிருந்த ஜிடிபி மூலக்கூறு வெளிய விழுது, அதுதான் சுவிட்ச் ஆன் ஆகுற கணம். நூத்துக்கணக்கான ரிசெப்டார் இருந்தும் இவ்ளோ கொஞ்சம் ஜி புரோட்டீன் எப்படி எல்லார்கூடயும் வேலை செய்யுதுங்குற கேள்விக்கு இது நல்ல பதில், திறக்குற வழி எல்லாத்துக்கும் பொது.

இப்போ 2018. செல்ங்குற பேர்ல வர்ற ஆராய்ச்சி இதழ்ல, மதன் பாபு குழுவோட அலெக்சாண்டர் ஹவுசர், ஸ்ரீநிவாஸ் சவாலி இன்னும் சிலரோட, கோபன்ஹேகன்ல இருக்குற டேவிட் குளோரியம் குழுவும் சேந்து வந்த பேப்பர். இதுக்கு முன்னாடி, ஒரே மருந்து ஏன் ஆளுக்கு ஆள் வேற மாதிரினு கேட்டா பெரும்பாலும் கல்லீரல்ல இருக்குற என்சைமத்தான் காரணமா சொல்லுவாங்க. அது உண்மையும் கூட, உதாரணமா கோடீன் மருந்து உடம்புக்குள்ள போய் சிஒய்பி2டி6ங்குற என்சைமால மார்ஃபினா மாறினாதான் வலி குறையும், அந்த என்சைம் சிலருக்கு மந்தமா இருக்கும், சிலருக்கு அதிவேகமா இருக்கும். ஆனா மருந்து கடைசியா போய் ஒட்டுற ரிசெப்டாரே ஆளுக்கு ஆள் வேறயா இருந்தா? அத யாரும் முழுசா எண்ணிப் பாக்கல. இவங்க பாத்தாங்க. அமெரிக்காவுல எஃப்டிஏ அனுமதிச்ச மருந்துல 475, அதாவது சுமார் 34 சதவீதம், 108 ஜிபிசிஆர்கள குறி வச்சு வேலை செய்யுது. 68,496 பேரோட ஜீன் டேட்டாவுல அந்த 108ஐயும் எடுத்துப் பாத்தா, மாற்றங்கள் ஏதோ முக்கியமில்லாத ஓரத்துல மட்டும் இல்ல, மருந்து ஒட்டுற இடத்துலயும் ஜி புரோட்டீன் பிடிக்குற இடத்துலயுமே இருக்கு. கம்ப்யூட்டரோட நிறுத்தாம, மார்ஃபின் ஒட்டுற மியூ ஓபியாய்ட் ரிசெப்டாரோட சில மாறிய வடிவங்கள லேப்ல செஞ்சு மருந்து போட்டுப் பாத்தாங்க, நிஜமாவே மருந்துக்குக் குடுக்குற பதில் மாறுது.

இங்கதான் மூணும் எப்படி கோத்துக்குதுனு கவனிங்க. எழுத்து மாறினது ஜீனோம்ல. அது பிரச்சனையா இல்லையானு முடிவு பண்ண, அந்த அமினோ ஆசிட் வடிவத்துல எங்க உக்காந்திருக்கு, யார தொட்டுகிட்டு இருக்குனு தெரியணும். அது மருந்து ஒட்டுற இடத்துல இருந்தா மருந்தே சரியா ஒட்டாது. ஜி புரோட்டீன் பிடிக்குற பக்கத்துல இருந்தா மருந்து ஒட்டும், ஆனா சேதி உள்ள போகாது, இல்ல வேற வழியில போகும். இத கண்டுபிடிக்க 2013, 2015 வேலை ரெண்டும் முன்னாடியே நடந்திருக்கணும், இல்லனா 2018 வேலை வெறும் மாற்றங்களோட பட்டியலா நின்னிருக்கும்.

இதுக்கு மேலயும் ஒரு அடுக்கு இருக்கு. 2020ல மரியா மார்ட்டி-சோலானோவோட சேந்து மதன் பாபு குழு நேச்சர் இதழ்ல காட்டினது: ஒரே ஜீன்ல இருந்து செல்லால கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பல வடிவ ரிசெப்டார செய்ய முடியும், எந்தத் திசுவுல எந்த வடிவம் எவ்ளோங்குறது மாறும். அப்போ ஒரே மருந்து ஒரே ஆளோட உடம்புலயே ஒரு உறுப்புல ஒரு மாதிரியும் இன்னொரு உறுப்புல வேற மாதிரியும் வேலை செய்யலாம், பக்க விளைவு ஏன் வருதுங்குறதுக்கு இது ஒரு சாத்தியமான காரணம்.

இதப் படிச்சிட்டு யாரும் தன்னோட ரிசெப்டார் சரியில்லனு முடிவு பண்ணி டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். சாதாரண ஆஸ்பத்திரியில ஜிபிசிஆர் மாற்றத்த பாத்து மருந்து எழுதுற நிலைமை இன்னும் வரல, ஒரு மாற்றம் லேப்ல வித்தியாசம் காட்டுறதுக்கும் நோயாளிக்கு அது எவ்ளோ முக்கியம்ங்குறதுக்கும் நடுவுல நிறைய வேலை பாக்கி. இன்னொரு குறையும் உண்டு, உலகத்துல இருக்குற பெரிய ஜீனோம் டேட்டாபேஸ்ல ஐரோப்பிய வம்சாவளி மக்கள்தான் அதிகம். நம்ம மக்கள்ல மட்டும் அதிகமா இருக்குற மாற்றம் அதுல தெரியவே தெரியாம போகலாம். 2025 ஜனவரியில ஜீனோம்இந்தியா திட்டத்துல 10,000 இந்தியர்களோட முழு ஜீனோம் டேட்டாவ ஆராய்ச்சியாளர்களுக்காக ஃபரிதாபாத்ல இருக்குற தரவு மையத்துல வச்சிருக்காங்க. இந்த 108 ரிசெப்டாரையும் அதுல தேடிப் பாக்குறது கண்டிப்பா நடக்க வேண்டிய வேலை.

பயோடெக் படிக்குற காலேஜ் பசங்க யாராவது இத படிச்சா, ஜிபிசிஆர்டிபினு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, கோபன்ஹேகன் குழு நடத்துறது, காசு எதுவும் இல்ல. பீட்டா 2 ரிசெப்டார (மேல சொன்ன சால்புடமால் ஒட்டுறது) எடுத்து, எந்த எந்த இடத்துல மனுஷங்ககிட்ட மாற்றம் இருக்குனு பாருங்க, அப்புறம் அதே இடத்த வடிவத்துல தேடி, அது மருந்து ஒட்டுற பக்கமா ஜி புரோட்டீன் பக்கமானு நீங்களே பாருங்க. சாதாரண லேப்டாப் போதும்.